கூட்டு முயற்சியில் எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது? பாசிச் சாறு தயாரிப்பை முன்வைத்து ஒரு விவாதம்

தொண்டிக்கரை:

வணக்கம். எங்களுடையது ஒரு சிறு நிறுவனம். தொண்டிப் பக்கத்து மகளிர் குழுக்கள் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸை, நம்ம ஊரில் ‘பெப்சி பாசி’ என்கிறோமே அதை, பச்சையாக வாங்கி அரைத்துச் சாறு பிரிக்கிறது. சாறு பயிருக்குத் தெளிக்க, சக்கை கராஜீனன் (உணவைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பொருள்) எடுக்க. இப்போது மூன்று பக்கமிருந்து கூட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒரு வேளாண் பல்கலைக்கழகம் வயல் சோதனை நடத்திக் கட்டுரை வெளியிடக் கேட்கிறது. வெளிமாநில இடுபொருள் நிறுவனம் ஒன்று, சாற்றோடு நுண்ணுயிர் சேர்த்துப் புதுப் பொருள் செய்யலாம் என்கிறது. கையெழுத்துக்கு முன்பே செய்முறைச் சுருக்கம் வேண்டுமாம். மூன்றாவது, மிதவையில் கட்டும் வெப்ப உணரி, உப்புத்தன்மை உணரிகளின் நிரலை யாரும் எடுத்துத் திருத்தும்படி வெளியிடலாம் என்று நிரல் எழுதிய பிள்ளைகள் கேட்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் காப்புரிமை போடு என்கிறார் ஒருவர். யாரிடமும் வாயைத் திறக்காதே என்கிறார் இன்னொருவர். நடைமுறையில் எது முதலில், எது பிறகு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாசிவயல்:

முதலில் கடலில் இருப்பதைப் பேசிவிடுவோம். கடலில் நடப்பதை ஒளிக்க முடியாது, ஒளிக்கவும் வேண்டாம்.

மூன்றுக்கு மூன்று மீட்டர் மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 கட்டு, கட்டுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஆக 60 கிலோ. 45 நாளில் அறுப்பு, நல்ல பருவத்தில் 240 முதல் 260 கிலோ. இதில் எந்த எண்ணும் ரகசியம் கிடையாது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் பல ஆண்டுகளாக ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்த கணக்கு இது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கடல்விரால் மீன் வளர்க்கும் கூண்டைச் சுற்றிப் பாசி மிதவை விட்டு இரண்டையும் சேர்த்து வளர்க்கும் முறையையும் அப்படியே பொதுவில் வைத்திருக்கிறது.

இதைத் திறந்து வைப்பதில் நிறுவனத்துக்கே ஆதாயம் இருக்கிறது. கோடையில் நீர் சூடேறினாலும், வாடைக்காலத்தில் மழைநீர் கலந்து உப்பு குறைந்தாலும் தண்டு வெளுத்து ஒடிந்துபோகும், ஐஸ்-ஐஸ் என்பார்கள். ஓரா மீன் கூட்டமாக வந்து நுனியைக் கடித்துவிட்டுப் போகும். அப்போது விதைப்பாசிக்கு அடுத்த ஊர்க் குழுவிடம்தான் போய் நிற்க வேண்டும். நன்றாக வளர்க்கத் தெரிந்த குழு கரை நெடுக இருந்தால்தான் எங்காவது ஒரு இடத்தில் விதை தப்பிப் பிழைத்திருக்கும். வளர்ப்பு முறையைப் பூட்டிவைக்கும் நிறுவனம் தன் கச்சாப்பொருளையே சுருக்கிக்கொள்கிறது.

பாதுகாக்க வேண்டியது பதிவேடு. எந்த இடத்தில், எந்த வாரம், நீர் வெப்பம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, நாள் வளர்ச்சி எத்தனை சதவீதம். கணக்கு எளிது: அறுப்பு எடையை விதை எடையால் வகுத்து, அதன் இயல் மடக்கையை நாளால் வகுத்து, நூறால் பெருக்கு. 60 கிலோ 45 நாளில் 250 ஆனால் நாளுக்கு ஏறக்குறைய 3.2 சதவீதம். ஒரே கடலில் இரண்டு இடத்துக்கு இது 2.5, 3.5 என்று மாறும். எந்த மாதம் எங்கே மிதவை விட வேண்டும் என்று சொல்லும் அந்தப் பல வருட அட்டவணையை ஒருவர் வந்து படம் பிடித்துக்கொண்டு போக முடியாது. அதுதான் சொத்து.

ஆலைரசாயனம்:

பாசிவயல் அண்ணன் கடலைச் சொல்லிவிட்டார். நான் கொட்டகைக்குள் வருகிறேன்.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். போத்தலைத் திறந்து ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடுவது எது, போத்தலைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாதது எது. பொட்டாஷ் அளவு, அடர்த்தி, அமிலத்தன்மை, எந்தப் பதனப்பொருள் எவ்வளவு எல்லாம் சில நாளில் தெரிந்துவிடும். சந்தைக்கு வந்த பிறகு அவற்றை ரகசியம் என்று நம்புவது வீண். அறுத்து எத்தனை மணி நேரத்துக்குள் அரைப்பது, அதுவரை நிழலில் எப்படிக் குவிப்பது, கடல்நீரில் கழுவிய பிறகு நல்ல தண்ணீர் காட்டலாமா கூடாதா, அரைக்கும்போது கூழின் சூடு எங்கே நிற்க வேண்டும், எந்தக் கண்ணளவு வடிகட்டிக்குப் பிறகு எது, பதனப்பொருளை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது, எந்த அளவீடு தவறினால் அந்தத் தொகுதியை, அதாவது அந்த ஒரு தடவை தயாரித்ததை, கொட்டிவிடுவது என்பவையெல்லாம் போத்தலில் தெரியாது. இவைதான் வணிக ரகசியம்.

அடிப்படை முறையே தன் கண்டுபிடிப்பு என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. பச்சைப் பாசியை அரைத்துச் சாற்றை உரமாகவும் சக்கையைக் கராஜீனனுக்கும் எடுக்கும் முறைக்கு, மேலே சொன்ன மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டுபிடிப்புக்காக 2005-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. அது முடிந்துவிட்டது. அந்த ஆவணம் இப்போது யாரும் படித்துப் பயன்படுத்தக்கூடிய பாடப்புத்தகம். முதல் வேலையாக அதை வரி வரியாகப் படியுங்கள். உங்கள் முறையில் அதிலிருந்து எங்கே விலகுகிறீர்கள் என்று குறித்தால், உங்களுடையது எது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வந்த மேம்பாட்டுக் காப்புரிமைகளையும் தேட வேண்டும். அவற்றில் சில உயிரோடு இருக்கும்.

ரகசியம் எங்கே கசியும் என்றால், பெரும்பாலும் போட்டியாளரிடமிருந்து அல்ல. வடிகட்டி செய்து கொடுத்த பட்டறைக்காரர் அதே அளவில் இன்னொருவருக்கும் செய்து கொடுப்பார். பதனப்பொருள் வாங்கிய ரசீதை வைத்தே விகிதத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். பார்வையாளர் எடுக்கும் கைபேசிப் படத்தில் பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகை விழும். இதற்கான வழி பெரிய செலவில்லாதது: சேர்மானங்களுக்கு உள்குறியீடு வைத்து, தொகுதி அட்டையில் அந்தக் குறியீட்டை மட்டும் எழுதுங்கள். எடை போடுபவரிடம் எடை அட்டை, கலப்பவரிடம் நேர அட்டை. முழு அட்டை ஒரே பூட்டில். பார்வையாளர் பதிவேட்டில் பெயர், நேரம், எந்தப் பகுதி வரை போனார் என்று எழுதி வையுங்கள். நீதிமன்றத்தில் “இதை ரகசியமாகப் பேணினீர்களா” என்று கேட்டால் எடுத்துக்காட்ட இருப்பது இந்தப் பதிவேடுதான்.

சட்டத்தராசு:

நல்ல தொடக்கம். சட்ட வரிசையை நான் சொல்கிறேன்.

யாரிடமும் காட்டுவதற்கு முன்பு தற்காலிக விவரக் குறிப்புடன் காப்புரிமை விண்ணப்பம். உத்யம் சான்று (சிறு தொழில் பதிவுச் சான்று) உள்ள சிறு நிறுவனத்துக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 8,000. அன்றைய தேதி உங்கள் முன்னுரிமைத் தேதி, அதாவது யார் முந்தியவர் என்று பார்க்கும் தேதி, ஆகிவிடும். 12 மாதத்துக்குள் முழு விவரக் குறிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். அப்படிக் கைவிடப்பட்ட தற்காலிக விண்ணப்பம் வெளியிடப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆக அந்த ஒரு வருடத்தில் கூட்டாளிகளோடு பேசிப் பார்த்து, காப்புரிமையை விட ரகசியமே மேல் என்று தோன்றினால் பின்வாங்க இடம் இருக்கிறது. முழு விண்ணப்பமாகப் போனால் முன்னுரிமைத் தேதியிலிருந்து 18 மாதத்தில் உலகமே படிக்கும்.

பலரும் சறுக்குவது வயல் சோதனையில். ஒரு விவசாயக் கண்காட்சியில் விளக்கிச் சொன்னாலே, காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். காப்புரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது: சோதித்துப் பார்க்க நியாயமாகத் தேவைப்பட்ட, பொது இடத்தில்தான் செய்ய முடிந்த சோதனையாக இருந்தால், முன்னுரிமைத் தேதிக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்தது புதுமையைக் கெடுக்காது. ஆனால் அதே வயலில் போத்தல் விற்றிருந்தால் அந்தச் சலுகையை நம்பாதீர்கள். 1,600 ரூபாயில் முடிகிற காரியத்துக்கு விதிவிலக்கைப் பிடித்துத் தொங்குவானேன்?

எதற்குக் காப்புரிமை கிடைக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பாசிச் செடிக்கும் தேர்ந்தெடுத்த விதைக்கும் கிடைக்காது. பாரம்பரிய அறிவுக்குக் கிடைக்காது. சாறும் நுண்ணுயிரும் சும்மா கலந்த கலவைக்குக் கிடைக்காது. தனித்தனியாகத் தருவதன் கூட்டுத்தொகையை விடச் சேர்ந்து தருவது அதிகம் என்று காட்ட வேண்டும். அதற்கு வயலில் நான்கு பாத்தி: சாறு மட்டும், நுண்ணுயிர் மட்டும், இரண்டும் சேர்ந்தது, எதுவும் இல்லாதது. முதல் பருவத்திலேயே இந்த நான்கையும் வைக்காவிட்டால் அந்தப் பருவத் தரவு காப்புரிமைக்கு உதவாது.

பாம்பன்காற்று:

சார், எனக்கு மாற்றுக் கருத்து. சிறு நிறுவனம் கடனுக்கோ முதலீட்டுக்கோ போனால் “ரகசியம் இருக்கிறது” என்பதை யாரும் மதிக்கமாட்டார்கள். காப்புரிமை எண் இருந்தால் தாளில் ஒரு சொத்து. வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமே கிடையாது. ஆள் மாறினால் ரகசியமும் மாறும். செய்முறை முழுவதற்கும் விண்ணப்பம் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

சட்டத்தராசு:

தம்பி, முதலீட்டாளரைப் பற்றிச் சொன்னது சரி. தனிச் சட்டம் இல்லை என்பதும் சரி. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் 289-ஆவது அறிக்கையில் ஒரு வரைவு கொடுத்தது. அது சட்டமாகும் வரை ஒப்பந்தச் சட்டமும் நம்பிக்கை மீறலுக்கான நீதிமன்றத் தீர்ப்புகளும்தான். ஆனால் செய்முறை முழுவதையும் காப்புரிமையாக்கும் யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மற்றவர் கொட்டகைக்குள் கூழ் எத்தனை டிகிரியில் அரைபடுகிறது என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? செய்முறைக் காப்புரிமை வழக்கில் நிரூபிக்கும் பொறுப்பை எதிராளி மீது போட 104ஏ பிரிவு வழி தருகிறது. அதற்கும் அவர் பொருள் உங்கள் முறையில் வரும் பொருளைப் போன்றதே என்று முதலில் நீங்கள் காட்ட வேண்டும். பாசிச் சாறு எல்லாரிடமும் பாசிச் சாறாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாத மீறலுக்குக் காப்புரிமை வாங்கினால், செய்முறையை நீங்களே எழுதி ஊருக்குக் கொடுத்தது போலத்தான் முடியும்.

ஆகவே பொருளில் தெரிவதற்கு, அதாவது அந்தக் கூட்டுக் கலவைக்கு, காப்புரிமை. கொட்டகைக்குள் நடப்பதற்கு ரகசியம். முதலீட்டாளருக்குக் காட்ட அந்த ஒரு விண்ணப்ப எண் போதும்.

ஆள் மாறுவது பற்றி: வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று எழுதி வாங்குவது ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ரகசியத்தை வெளியிடக்கூடாது என்பது செல்லும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிக் குழப்பாதீர்கள்.

ஆய்வேடு:

பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து. பயிர் ஊக்கியாகப் பாசிச் சாறு விற்க உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2021-இல் சேர்த்த 20சி பிரிவின்படி பதிவு வேண்டும். அதற்கு வேளாண் பல்கலைக்கழகம் அல்லது ஐ.சி.ஏ.ஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அமைப்புக்குள் நடந்த செயல்திறன் சோதனை தேவை: குறைந்தது மூன்று அளவுகள், ஒரு பருவம், மூன்று வேளாண் சூழல் பகுதிகள். ஆக பல்கலைக்கழகத்தோடு சேர்வதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. எப்படிச் சேர்வது என்பதுதான்.

மாணவரின் ஆய்வேடு பொது ஆவணம், வாய்மொழித் தேர்வும் திறந்த அரங்கில். அதனால் மாணவர் கைக்குச் செய்முறை போகக்கூடாது. தொகுதி எண்ணும் ஆய்வக மதிப்புகளும் மட்டும் போக வேண்டும். சோதனைக்கு அது போதும். கட்டுரை வரைவை அனுப்பிய 30 நாளுக்குள் நிறுவனம் படித்துச் சொல்ல வேண்டும். ரகசியம் இருந்தால் அந்த வரியை நீக்கக் கேட்கலாம், காப்புரிமை போட வேண்டுமென்றால் மேலும் 60 நாள் தள்ளக் கேட்கலாம். அதற்கு மேல் பிடித்துவைக்கக் கூடாது. மாணவரின் பட்டம் அதில் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சோதனையில் விளைச்சல் கூடவில்லை என்று வந்தாலும் அதை வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு இருக்க வேண்டும். தோற்ற முடிவை மறைக்கும் அதிகாரம் கேட்கும் நிறுவனத்தோடு எந்த நல்ல ஆய்வகமும் சேராது. விவசாயிக்கும் அது துரோகம். அறிவுசார் சொத்தைப் பாதுகாப்பது வேறு, உண்மையைப் பூட்டுவது வேறு.

சட்டத்தராசு:

ஆய்வேடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். “கண்டுபிடிப்பு இருவருக்கும் கூட்டுச் சொத்து” என்று எழுதினால் நியாயமாகத் தோன்றும். காப்புரிமைச் சட்டம் 50-ஆம் பிரிவைப் படியுங்கள். கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தானே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மற்றவர் சம்மதமில்லாமல் யாருக்கும் உரிமம் கொடுக்க முடியாது, தன் பங்கை விற்கவும் முடியாது. ஒரு பக்கம் நான்கு மாநிலத்தில் ஆலை வைத்திருக்கும் நிறுவனம், மறுபக்கம் ஒரு கொட்டகை என்றால் இந்தச் சமபங்கின் பலன் யாருக்குப் போகும் என்று பாருங்கள். பெரியவர் தானே தயாரித்து விற்பார். சிறியவர் வேறொருவருக்கு உரிமம் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றால் பெரியவரிடம் போய் நிற்க வேண்டும்.

அதற்குப் பதிலாகப் பொருள்வாரியாகப் பிரியுங்கள். சாற்றைப் பற்றிய எந்த மேம்பாடும், யார் கண்டுபிடித்தாலும், சாற்றுக்காரருக்கு. நுண்ணுயிரைப் பற்றியது நுண்ணுயிர்க்காரருக்கு. இரண்டும் சேர்ந்த கலவைக்கு மட்டும் கூட்டு உரிமை; அதற்கும் எந்தப் பயிர், எந்த மாநிலம், யார் விற்பது, உரிமக் கட்டணம் எப்படிப் பிரிப்பது என்று தனி இணைப்பு. கூட்டு தொடங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் இருந்த அறிவின் பட்டியலை எழுதி, இருவரும் பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிட்டு, தேதி போட்டு வையுங்கள். செய்முறையையே எழுத வேண்டியதில்லை, தலைப்பு மட்டும். ‘வடிகட்டல் வரிசை, ஆவண எண் 7, மூடிய உறையில்’ என்றால் போதும். இந்தப் பட்டியல் இல்லாத ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் கழித்து எல்லாமே கூட்டில் பிறந்தது ஆகிவிடும்.

நிரல்வலை:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: உணரி நிரல். வெளியிடுங்கள். அந்த நிரலில் போட்டியாளருக்கு உதவுவது ஒன்றுமில்லை. ஆனால் உப்புத்தன்மை உணரியின் முனையில் ஒரு வாரத்தில் வழவழப்பாகப் பாசி படிந்து, பிறகு கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டி, அளவீடு மெல்ல மெல்லச் சறுக்கும். இதைச் சரிசெய்யும் திருத்தத்தை எத்தனை கரையில் சோதிக்கிறார்களோ அத்தனை நல்லது. தனி ஆளாக அதைச் சரிசெய்ய முடியாது.

உரிமம் எது? மற்றவர் செய்த திருத்தம் திரும்பி வர வேண்டுமென்றால் ஜிபிஎல் என்ற திறந்த நிரல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. நிரலை விநியோகிப்பவர் மூலத்தையும் கொடுக்க வேண்டும். கருவி செய்து விற்கும் நிறுவனங்களும் தயங்காமல் சேர வேண்டுமென்றால் அப்பாச்சி 2.0 உரிமம்: பங்களிப்பவர் தன் பங்களிப்பைச் சார்ந்த காப்புரிமைக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறார், அதை வைத்து வழக்குப் போட்டால் வழக்குப் போட்டவரின் காப்புரிமை அனுமதி முடிந்துவிடும். எம்ஐடி உரிமத்தில் காப்புரிமை பற்றி வெளிப்படையாக ஒன்றும் இல்லை. மின்சுற்றுப் பலகை வரைபடத்துக்கு செர்ன் வன்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு பொருந்தும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் “இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு” என்ற ஒப்பம் கேளுங்கள். லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தின் மீது எஸ்சிஓ நிறுவனம் தொடங்கிய வழக்கு விவகாரத்துக்குப் பிறகு, 2004-இல் லினக்ஸ் குழு கொண்டுவந்த நடைமுறை அது, ஒரு வரிதான்.

வெளியிடுமுன் பழைய பதிப்புகளின் வரலாறு முழுவதையும் தேடுங்கள். கடைசிப் பதிப்பில் கடவுச்சாவியை நீக்கியிருப்பார்கள், மூன்று மாதத்துக்கு முந்தைய பதிப்பில் இருக்கும். வரலாற்றை அழிப்பதற்கு முன் அந்தச் சாவியையே மாற்றுங்கள்.

தரவு வேறு. பாசிவயல் அண்ணன் சொன்ன அட்டவணை அதில்தான் உருவாகிறது. ஆய்வாளர்களுக்குப் பொதுவில் கொடுக்க விரும்பினால் இட ஆயத்தொலைவை ஒரு தசமத்துக்குச் சுருக்குங்கள், 0.1 டிகிரி என்பது ஏறக்குறைய 11 கிலோமீட்டர், மிதவை இருக்கும் இடம் தெரியாது, கடலின் போக்கு தெரியும். ஒரு அறுப்புச் சுற்று, அதாவது 45 நாள், தாமதித்து வெளியிடுங்கள்.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் பிரிக்கின்றன. டெஸ்லா 2014-இல் தன் காப்புரிமைகளை வைத்து வழக்குப் போடமாட்டேன் என்று அறிவித்தது, ஆனால் நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவோருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. டொயோட்டா 2019-இல் கலப்பின வாகனக் காப்புரிமைகள் ஏறக்குறைய 24,000-ஐக் கட்டணமில்லாமல் திறந்தது. சந்தை பெருக வேண்டிய இடத்தைத் திறந்தார்கள். தொழிற்சாலைக்குள் நடப்பதை யாரும் திறக்கவில்லை.

தொண்டிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. அந்த வெளிமாநில நிறுவனம் விஷயம்தான் அவசரம். முதல் சந்திப்புக்கு ரகசிய ஒப்பந்தம் போடும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்கிறார்கள். செய்முறைச் சுருக்கத்தில் என்ன எழுதிக் கொடுப்பது?

ஆலைரசாயனம்:

ஒப்பந்தம் இல்லையென்றால் செய்முறையும் இல்லை. கொடுக்கக்கூடியது: எந்தப் பயிரில், எத்தனை சதவீதக் கரைசல், எத்தனை முறை தெளிப்பு, விளைச்சல் முடிவு, பாதுகாப்புத் தாள், சேமிப்பு ஆயுள். வெளியான ஆய்வுகளில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தெளித்த முடிவுகள் கிடைக்கின்றன. அவற்றோடு உங்கள் முடிவை ஒப்பிட்டுக் காட்டுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க அவர்களுக்கு இதுவே போதும். “எப்படிச் செய்கிறீர்கள்” என்று கேட்டால், “கையெழுத்துக்குப் பிறகு கொட்டகைக்கே வந்து பாருங்கள்” என்பதே பதில்.

மாதிரி கேட்டால் தனியாகப் பொருள் மாற்று ஒப்பந்தம், அதாவது மாதிரியை எந்த நிபந்தனையில் கொடுக்கிறோம் என்ற ஒப்பந்தம். ஐந்து லிட்டருக்கு மேல் வேண்டாம். எந்தச் சோதனைக்கு என்று எழுதி, கூறு பிரித்து ஆராய்வதும் மூன்றாமவருக்குக் கொடுப்பதும் கூடாது என்று சேர்த்து, மிச்சத்தைத் திருப்ப வேண்டும் அல்லது அழித்துக் கடிதம் தர வேண்டும் என்று முடியுங்கள். ஒவ்வொரு கூட்டாளிக்கும் வேறு வேறு தொகுதி எண்ணில் அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் முத்திரையிட்டு உங்களிடம் இருட்டில், குளிர்ச்சியில் இருக்கட்டும். பின்னாளில் சண்டை வந்தால் எந்தப் போத்தல் எங்கே போனது என்பதற்கு அது சாட்சி.

சட்டத்தராசு:

சந்திப்பு முடிந்த அன்று மாலையே ஒரு மின்னஞ்சல்: “இன்று இன்னின்ன பேசினோம், செய்முறை எதுவும் பகிரப்படவில்லை.” பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

பிறகு அவர்கள் தங்கள் வரைவு ஒப்பந்தத்தை அனுப்புவார்கள். அதில் “ஊழியரின் நினைவில் தங்கியதைப் பயன்படுத்தலாம்” என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த ஒரு வரி மற்ற பத்துப் பக்கத்தையும் செல்லாக்காசாக்கும். ரகசியக் காலம் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று இருக்கும். பொதுத் தகவலுக்கு அது சரி. செய்முறைக்கு மட்டும் “அது பொதுவில் தெரியவரும் வரை” என்று தனியாக எழுதுங்கள்.

அந்த நிறுவனம் வெளிநாட்டார் கட்டுப்பாட்டில் உள்ளதா என்று கட்டாயம் பாருங்கள். அப்படியென்றால் பல்லுயிர்ச் சட்டப்படி நம் கடல் வளம் பற்றிய ஆய்வு முடிவை அவர்களுக்குக் கொடுக்கவே தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். இந்திய நிறுவனமாக இருந்தாலும், உயிர்வளத்தைச் சார்ந்த காப்புரிமை கிடைக்குமுன் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அலுவலகம் சென்னையில்தான். விண்ணப்பத்தில் உயிர்ப்பொருள் எங்கிருந்து எடுத்தது என்று எழுதாமல் விட்டால் அதுவே காப்புரிமையை எதிர்க்கவும் ரத்து செய்யவும் காரணமாகும். “பாக் விரிகுடா, ராமநாதபுரம் மாவட்டம்” என்று தெளிவாக எழுதுங்கள்.

பாம்பன்காற்று:

முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, பாசிச் சாற்றுக்கும் அப்படி வாங்கலாமா?

சட்டத்தராசு:

கஷ்டம், தம்பி. கப்பாபைகஸ் இங்கே கொண்டுவந்து வளர்த்த இனம்; இந்த மண்ணோடும் கடலோடும் பிறந்த தனித்தன்மையை நிரூபிக்க வேண்டும். புவிசார் குறியீடு ஒரு நிறுவனத்தின் சொத்தும் ஆகாது. பெயருக்கு வணிகச்சின்னம் போடுங்கள்: உரங்கள் முதல் வகுப்பில் வரும், சிறு நிறுவனத்துக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.

பாம்பன்குழு:

இவ்வளவு நேரம் நிறுவனம், பல்கலைக்கழகம் என்றே பேசுகிறோம். பாசிக்காரப் பெண்கள் எங்கே?

சின்னப்பாலத்துப் பக்கம் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்த பெண்களுக்குத்தான், எந்தப் பாறை இடுக்கில் எந்த மாதம் எது தழைக்கும், கச்சான் காற்றில் எந்தப் பக்கம் நீர் கலங்கும் என்று தெரியும். மிதவை விட இடம் பார்த்ததும் அந்த அறிவில்தான். பாசிவயல் அண்ணன் அட்டவணையைச் சொத்து என்றார். அந்த அட்டவணையில் பாதி இவர்கள் வாயிலிருந்து வந்தது. அதை நிறுவனத்தின் ரகசியம் என்று எழுதி, அதே பெண்களிடம் “வெளியில் சொல்லமாட்டேன்” என்று கையெழுத்து வாங்கினால் அது அநியாயம்.

பெப்சிகோ இந்தக் கரைப் பாசியை ஏற்றுமதி செய்தபோது பல்லுயிர் ஆணையத்துக்குப் பலன்பங்கு செலுத்தியது. ஆகவே பங்கு என்பது யாரும் போடும் பிச்சை கிடையாது, சட்டத்தில் இருக்கிற உரிமை. ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்த அறிவு குழுவின் பெயரோடு ஏறியிருக்க வேண்டும். பிறகு யாராவது அதற்கே காப்புரிமை கேட்டால் எதிர்க்க அது ஆதாரம்.

பாசிவயல்:

அக்கா சொல்வது நியாயம், அதை ஏற்றுக்கொள்கிறேன். உணரி எண்கள் நிறுவனத்துடையவை. இடமும் பருவமும் பற்றிய குறிப்புகள் குழுவுடையவை. பதிவேட்டில் இரண்டும் தனித்தனிப் பத்தியாக, யார் சொன்னது என்று பெயரோடு இருக்க வேண்டும். அட்டவணையின் நகல் குழுவிடமும் இருக்கட்டும்; அதை வைத்துத்தான் அடுத்த பருவத்துக்கு அவர்களே இடம் முடிவு செய்வார்கள்.

தொண்டிக்கரை:

அக்கா, குழுவோடு போடும் ஒப்பந்தத்தில் இதை எப்படி எழுதலாம்? வாசகமாகவே கொடுத்தால் உதவியாக இருக்கும்.

பாம்பன்குழு:

இப்படி எழுதுங்கள் தம்பி:

“விதைப்பாசி, மிதவை கட்டும் முறை, கடலில் இடமும் பருவமும் பற்றிய அறிவு ஆகியவை குழுவினருக்கு உரியவை. அவற்றைப் பயன்படுத்தவும், எவருக்கும் கற்றுக்கொடுக்கவும், விதைப்பாசியை வேறு குழுக்களுக்குக் கொடுக்கவும் குழுவினருக்கு உள்ள உரிமையை இந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவும் தடுக்காது. நிறுவனத்தின் ஆலைக்குள் சாறு தயாரிக்கும் முறையைக் குழுவினர் வெளியிடமாட்டார்கள். குழுவினர் தந்த தகவலைக் கொண்டு நிறுவனம் காப்புரிமை கோரினால், விண்ணப்பிக்கும் முன் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்து, கூட்டத்தில் ஒப்புதல் பெற வேண்டும்.”

இதைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டி, கேள்வி கேட்க நேரம் கொடுத்து, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்துக்கு நாள் பார்க்கும்போது அறுப்பு நாளைத் தவிருங்கள். அன்றைக்கு யாரும் உட்கார்ந்து கேட்க முடியாது.

சட்டத்தராசு:

வாசகம் நன்றாக இருக்கிறது. ஒரு வரி மட்டும் சேருங்கள்: “தமிழ்ப் பிரதிக்கும் ஆங்கிலப் பிரதிக்கும் வேறுபாடு இருந்தால் தமிழ்ப் பிரதியே செல்லும்.” தொண்டிக்கரை, இந்த ஒப்பந்தத்தின் தேதி வெளிமாநில நிறுவனத்துக்கு முதல் மாதிரி அனுப்பும் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். குழுவுக்குக் கொடுத்த உரிமை ஏற்கெனவே இருக்கிறது என்று அவர்கள் ஒப்பந்தத்தின் இணைப்பில் காட்டிவிட்டால், பிறகு அதைப் பறிக்கச் சொல்லி அவர்களால் கேட்க முடியாது.

தொண்டிக்கரை:

சரி சார். தற்காலிக விண்ணப்பம், குழு ஒப்பந்தம், பல்கலைக்கழகம், அதன் பிறகு மாதிரி என்று வரிசை வைக்கிறோம். அந்த நான்கு பாத்தித் திட்டத்தைப் பல்கலைக்கழகச் சோதனையிலேயே சேர்க்க முடியுமா, ஆய்வேடு?

ஆய்வேடு:

முடியும், ஆனால் ஒரே சோதனையாகக் கலக்காதீர்கள். பதிவுக்கான மூன்று அளவுச் சோதனை சாறு மட்டும். அதன் அறிக்கை அரசுக்குப் போகும். நான்கு பாத்தி கலவைக்கானது. அதற்கு வேறு சோதனை எண், வேறு குறிப்பேடு, பாத்திகளுக்கு இடையே தெளிப்பு பறக்காத அளவு இடைவெளி. நுண்ணுயிரை அந்த நிறுவனம்தான் தர வேண்டும் என்பதால் அந்தச் சோதனை அவர்களோடு கையெழுத்தான பிறகே தொடங்கும். விதைப்புக்கு ஒரு மாதம் முன்பாவது சொல்லுங்கள், நிலம் ஒதுக்க வேண்டும்.